அல்லிக்குக் காலம் வராது

இப்ப கிளம்பாது சார், உக்காருங்க. கண்டக்டரே இறங்கி டீ குடிக்கப் போயிட்டான். காலேஜ் பசங்க நடு ரோட்டுல உக்காந்துட்டானுங்க. போலீஸ் வரணும், பேச்சுவார்த்தை நடக்கணும், யாராவது பெரிய மனுஷன் வந்து 'ஆகட்டும் பார்க்கிறோம்'னு சொல்லணும். அப்புறம்தான் டிரைவர் சாவியைத் தொடுவான். நீங்க புதுக்கோட்டைதானே? நானும் அங்கதான், மக வீட்டுக்கு. பையில என்ன, மருந்து சாம்பிளா? மெடிக்கல் ரெப்பா நீங்க? அலைச்சல் பொழப்புதான்.

அந்த பேனரைப் பாருங்களேன். 'கல்விக் கட்டணத்தை குறை'. 'கட்டணத்தைக் குறை'ன்னு வரணும் சார். ஒரு 'க்' போடத் தெரியல, ரோட்டை மறிக்க மட்டும் தெரியுது. நான் என்ன செய்யட்டும், இது எனக்கு வியாதி மாதிரி. கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, செத்தவங்க போஸ்டர், எதைப் பார்த்தாலும் கண்ணு முதல்ல பிழைக்குத்தான் போகும். எங்க சம்பந்தி பேருல இருந்த பிழையைப் பத்திரிகையில திருத்திட்டேன்னு கல்யாணமே நின்னுபோகப் பார்த்துது.

இருங்க, போன் வருது. ஹலோ... ஆமாம்மா, வழியில நிக்குது. ஒன்னுமில்ல, காலேஜ் பசங்க கலவரம்... ஆமா, கலவரம்தான். இல்லம்மா, கல்லு கில்லு எதுவும் எறியல, சும்மா உக்காந்துதான் இருக்கானுங்க. நீ சாப்பிடு. வெச்சுடறேன்.

மக. எதுக்கெடுத்தாலும் பயந்துக்குவா. இதைவிடப் பெருசெல்லாம் பார்த்தவன் சார் நான். சீனாவுல. ஆமா, சீனாவுலதான். அஞ்சு வருஷம் பீஜிங்ல இருந்தேன். யாரும் நம்ப மாட்டாங்க. அங்க ஒரு ஆபீஸ், அவங்க நாட்டுச் சேதியையெல்லாம் பல பாஷையில மாசாமாசம் செய்திமடலா அச்சடிச்சு ஊரூருக்கு அனுப்புவாங்க. அதுல தமிழும் உண்டு. சீனாக்காரங்களே தமிழ் படிச்சுட்டு, சீனத்துல இருந்து தமிழுக்கு மாத்துவாங்க. அந்தத் தமிழைத் திருத்த ஒரு தமிழன் வேணும். அந்தத் தமிழன் நான். பேரு மொழி நிபுணர். வேலை என்னன்னா, சிவப்புப் பேனா.

அங்க ஒரு பொண்ணு இருந்தா. ஹெ லியன்னு பேரு. தமிழ்ப் பேரு அல்லி. அவங்க எல்லாரும் ஆளுக்கொரு தமிழ்ப் பேரு வெச்சுக்குவாங்க. நான் சேர்ந்த அன்னைக்கே கேட்டேன், ஏம்மா, லியன்னா தாமரைதானே, அல்லி வேற பூவாச்சே, பேருலயே பிழை விடலாமான்னு. அவ சிரிக்காம சொல்றா, "தாமரை என்னும் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இங்கே பணிபுரிகிறார் ஐயா." அப்படித்தான் பேசுவா, மேடையில பேசற மாதிரி. நம்ம பேச்சுத் தமிழ் அவளுக்குக் காதுல ஏறாது.

நல்ல பொண்ணு சார். கெட்டிக்காரி. ஒற்றெல்லாம் எங்க மிகும் எங்க மிகாதுன்னு இந்த ரோட்டுல உக்காந்திருக்கிற பசங்களை விட நல்லாத் தெரியும் அவளுக்கு. ஒன்னே ஒன்னுதான், காலம் வராது. நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு அவங்க பாஷையில வினைச்சொல்லு மாறாது சார். போ-ன்னா எப்பவும் போதான். அதனால இவ 'நேற்று சந்தைக்குப் போகிறேன்'பா. 'நாளைக்கு வந்தேன்'பா. நானும் தலைகீழா நின்னு பார்த்தேன். ஊஹூம். எனக்குச் சலிச்சுப் போச்சு.

அல்லிக்கு அப்பா அம்மா கிடையாது. ஒரே ஒரு தம்பி. அவதான் வளர்த்தா. இயற்பியல் படிச்சுக்கிட்டிருந்தான். அவன் காலேஜ்ல சேர்ந்தப்ப ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தா. எனக்கு மட்டும் ரெண்டு கொடுத்தா.

எண்பத்தொம்பது. நீங்க அப்போ பள்ளிக்கூடம் போயிருப்பீங்க. ஏப்ரல்லயே பசங்க ஊர்வலம் கிளம்பிட்டாங்க, ஊர் நடுவுல இருக்கிற பெரிய சதுக்கத்துக்கு. முதல்ல ஏதோ ஒரு தலைவர் செத்ததுக்குத் துக்கம்னாங்க. அப்புறம் லஞ்சம் கூடாதுன்னாங்க, பேச்சு சுதந்திரம்னாங்க. மே மாசம் உண்ணாவிரதம். ஊரே அவங்க பக்கம் சாய்ஞ்சிடுச்சு சார். ஐஸ் விக்கிறவன் அவங்களுக்குச் சும்மா கொடுத்தான். எங்க ஆபீஸ்ல இருந்தே பேனர் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. எங்க மேலதிகாரி வாங், அவரே கோட்டைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து போனாரு. என் கண்ணால பார்த்தேன்.

அல்லி தினம் சாயங்காலம் சைக்கிள்ல அங்க போயிடுவா. ஒருநாள் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனா. எனக்கு இந்த மாதிரி இடமெல்லாம் ஒத்துக்காது, தூசி, கூட்டம், வேர்வை. இருந்தாலும் போனேன். அவ தம்பி தலையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு ஒரு போர்வை மேல படுத்துக் கிடந்தான். ஒல்லிப் பய, மூக்குக் கண்ணாடி. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான். மரியாதை தெரிஞ்சவன். அல்லி சொல்றா, "தம்பி நேற்று முதல் உண்ணாவிரதம் இருந்தான் ஐயா." நான் சொன்னேன், "நேத்துல இருந்து இன்னும் முடியலையே அம்மா, அதனால இருக்கிறான். முடிஞ்சுபோனாத்தான் இருந்தான்." அவ்வளவு கூட்டத்துலயும், "இருக்கிறான், இருக்கிறான்"னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டா.

அன்னைக்கு வழியில கேட்டா, உங்க ஊர்ல மாணவர்கள் இப்படிச் செய்வதுண்டான்னு. ஏன் இல்லாம? நானே நின்னவன் சார். அறுபத்தஞ்சு. இந்தி எதிர்ப்பு. திருச்சியில பியூசி படிச்சுக்கிட்டிருந்தேன். இந்த முழங்கை பாருங்க, இதுக்கு மேல மடங்காது. லத்தி. ஆனா அடி வலிக்கல சார். மறுநாள் காலையில பேப்பர்ல போட்டிருந்தான், 'மாணவர் கலவரம்'னு. எங்கப்பா ரயில்வேல கிளார்க். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எங்கம்மாகிட்ட சொன்னாரு, கலவரக்காரனுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாதுன்னு. நாங்க என்ன கலவரம் பண்ணினோம்? கோஷம் போட்டோம், உக்காந்தோம், அடி வாங்கினோம். அந்த ஒரு சொல்லால அவரு சாகிற வரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

அந்தத் தலைப்பைப் போட்டவன் யாருன்னு தெரிஞ்சா, இப்பக்கூட நேர்ல போய் நாலு வார்த்தை கேட்பேன். படிச்சவன்தானேடா நீ? ஒரு சொல்லை அச்சுல ஏத்தறதுக்கு முன்னாடி அது யாரு வீட்டு அடுப்புல போய் விழும்னு யோசிக்க மாட்டியா? அந்த ஆத்திரத்துலதான் சார் நான் தமிழ் எம்.ஏ. படிச்சதே.

இதையெல்லாம் அல்லிகிட்ட சொன்னேன். அப்போ எது சரியான சொல் ஐயான்னு கேட்டா. கிளர்ச்சி, அப்படீன்னேன். எங்க ஊர்ல கிளர்ச்சின்னா கௌரவம். கிளர்ச்சியில கலந்துக்கிட்டவன்னு சொன்னா எழுந்து நின்னு கும்பிடுவாங்க. அவ பேனாவை எடுத்து உள்ளங்கையில எழுதிக்கிட்டா. 'கிளர்ச்சி'. எழுத்து முத்து மாதிரி இருக்கும்.

அப்புறம் ஜூன்ல ராணுவம் புகுந்ததுதான் உலகத்துக்கே தெரியுமே. நான் விடுதி ரூமை விட்டு வெளிய வரல. வெளிநாட்டுக்காரங்க யாரும் வெளிய வரக்கூடாதுன்னுட்டாங்க. சத்தம் கேட்டுது. பட்டாசுன்னு நினைச்சேன்னு சொல்லுவேன், ஆனா நினைக்கல. என் பெண்டாட்டிக்குத் தந்தி அடிக்கக்கூட வழியில்ல. சார், அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க.

ஆபீஸ் திறந்தப்ப அல்லி வந்திருந்தா. முகம் காய்ஞ்சு போயிருந்துது. தம்பி என்ன ஆனான்னு கேட்டேன். "தம்பி வருகிறான் ஐயா"ன்னா. வந்துட்டானா, வந்துக்கிட்டிருக்கானா, இனிமேதான் வருவானா? அவகிட்ட எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க வராமலே போயிட்டானோன்னு நினைச்சுட்டேன். "வந்துவிட்டானா அம்மா?"ன்னு நானே திருத்திக் கேட்டேன். சுத்தும் முத்தும் பார்த்துட்டு லேசாத் தலையாட்டினா. யாரிடமும் சொல்ல வேண்டாம்னா. அப்பாடான்னு இருந்துது எனக்கு.

அந்தக் கோடை முழுக்க எல்லா ஆபீஸ்லயும் விசாரணை. யாரு ஊர்வலம் போனது, யாரு தண்ணி கொடுத்தது, யாரு பேனருக்குத் துணி வாங்கினது. நடந்து போனவங்கல்லாம் நடக்கவே இல்லைன்னாங்க. வாங் முகத்துல ஈயாடல. நமக்கென்ன சார், நாம அந்நியன். நம்ம வேலை தமிழ்.

அந்த மாச மடலுக்கு மேலிடத்துல இருந்தே கட்டுரை வந்துது. பசங்க செஞ்சதுக்கு அவங்க ஒரு சொல்லு வெச்சிருந்தாங்க. ஒழுங்கெல்லாம் குலைஞ்சுபோற குழப்பம், அந்த அர்த்தத்துல. எல்லா மொழியிலயும் அந்தச் சொல்லு அதே அர்த்தத்துல வரணும்னு கண்டிப்பான உத்தரவு. அல்லி மொழிபெயர்த்துக் கொண்டாந்து வெச்சா. தலைப்புல பார்க்கிறேன், 'மாணவர் கிளர்ச்சி'.

நான் பேனாவை எடுத்தேன். அவ மேஜை மேல கையை வெச்சா. "ஐயா, இந்தச் சொல்லை அன்று நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்"னா. அம்மா, அது எங்க ஊருக்குக் கொடுத்தது, மூலத்துல என்ன இருக்கோ அதைத்தான் மொழிபெயர்க்கணும், நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா அதுக்குப் பேரு மொழிபெயர்ப்பு இல்லன்னேன். அவ மேஜையில இருந்து கையை எடுத்தா. அப்புறம் சொன்னா, "சரி ஐயா. மாற்றுங்கள். ஆனால் சிவப்பில் வேண்டாம். பென்சிலில் எழுதுங்கள். நான் வேறு தாளில் புதிதாக எழுதித் தருகிறேன்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு சார். இவ யாரு என் பேனாவைப் பத்திப் பேச? பென்சிலாம். திருத்தம்னா சிவப்பு மை, எழுதினது ஒருத்தர், திருத்தினது இன்னொருத்தர்னு பார்த்தா தெரியணும். அதுதான் முறை. நான் முறையா 'கிளர்ச்சி'யை அடிச்சுட்டு மேலே 'கலவரம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தொழில்ல முகதாட்சண்யம் பார்த்தா முடியுமா?

ரெண்டு நாள் கழிச்சு வாங் என்னைத் தன்னோட அறைக்குக் கூப்பிட்டாரு. மூணு வருஷத்துல முதல் தடவை. அந்தத் தாள் அவர் மேஜை மேல கிடந்துது. அவருக்கு ஒரு எழுத்து தமிழ் தெரியாது. ஆனா சிவப்பு தெரியுமே. அவரே எழுந்து எனக்கு டீ ஊத்திக் கொடுத்தாரு. இங்கிலீஷ்ல கேட்டாரு, இங்க என்ன இருந்துது, என்னவா மாத்தினீங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு.

சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, ஒரு மனுஷன் தமிழ்ச் சொல்லுல இருக்கிற நுணுக்கத்தை அவ்வளவு ஆசையாக் கேட்டு நான் பார்த்ததில்ல. எங்க காலேஜ்ல எனக்குப் பாடம் எடுத்த புரொபசர்கூட அப்படிக் கேட்டதில்ல. நான் விளக்கமாச் சொன்னேன். கலவரம்னா பழிச்சொல்லு. கிளர்ச்சின்னா நியாயத்துக்காக எழுந்து நிக்கிறது, எங்க ஊர்ல அதுக்கு மாலை போடுவாங்க, சாதாரணத் தமிழன் படிச்சா பசங்க பக்கம்தான் நியாயம்னு நினைச்சுக்குவான்னு எல்லாத்தையும் சொன்னேன். அவரு குறிச்சுக்கிட்டே இருந்தாரு. டீ ஆறிப்போனதும் வேற ஊத்தினாரு.

அப்புறம் கேட்டாரு, அகராதியில ரெண்டு சொல்லும் இருக்கும்போது அந்தப் பொண்ணு ஏன் இதை எடுத்தா, தெரியாம செஞ்சாளான்னு. இங்கதான் சார் நான் அவளுக்காகப் பேசினேன். அவ தமிழை யாராவது குறை சொன்னா எனக்குத் தாங்காது. என் மாணவி மாதிரி. அதெல்லாம் தெரியாம செய்யறவ இல்ல, வித்தியாசம் நல்லாத் தெரியும், நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்னேன். ஏதோ பாசம், தப்பா எடுத்துக்காதீங்க, அவ தம்பியும் அந்த உண்ணாவிரதத்துல படுத்திருந்தான், பாவம், இப்ப நல்லபடியா வீடு வந்து சேர்ந்துட்டான், இனிமே அவ மனசு சமாதானமாயிடும், வேலையில கவனமா இருப்பான்னு எடுத்துச் சொன்னேன். வாங் வாசல் வரைக்கும் வந்து ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. அந்த ஆளைப் பத்தி எல்லாரும் கர்வின்னு சொல்லுவாங்க. அப்படி ஒன்னும் இல்ல.

அடுத்த வாரம் அல்லி வேலைக்கு வரல. கேட்டா உடம்பு சரியில்லைன்னாங்க. அதுக்கப்புறம் அவ மேஜையில தாமரை உக்காந்தா. அல்லியை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களாம், எந்த இடம்னு தெரியாதாம். தாமரை அதுக்கப்புறம் என்கிட்ட வேலை சம்பந்தமாத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்களுக்குள்ள என்ன பொறாமையோ, பொம்பளைங்க விஷயம். எனக்கு ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க.

ஆனா மனக்குறைன்னு ஒன்னு இருக்கு சார், இன்னைக்கு வரைக்கும். மூணு வருஷம் கூடவே உக்காந்து, எழுத்துக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கேன். மாத்தலாகிப் போறவ, ஐயா போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டாளா? புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை எழுதி ஆபீஸ்லயே கொடுத்தேன், அனுப்பி வைங்கன்னு. பதில் இல்ல. அடுத்த வருஷமும் எழுதினேன். ஏதோ நாய் கொரைக்குதுன்னு விட்டுட்டா. நன்றின்னு ஒன்னு இல்லையா சார் உலகத்துல? நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அந்தப் பக்கம் வெயில் அடிக்குதா? ஸ்கிரீனை இழுத்து விட்டுக்குங்க.

போலீஸ் வந்துடுச்சு பாருங்க. ஜீப்பு, வேன் எல்லாம். சரி, இனிமே சீக்கிரம் முடிஞ்சுடும்.

அவளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். நான் ஊருக்குத் திரும்பறதுக்கு முந்தின குளிர்காலம். அங்க குளிர் வந்துட்டா தெருவோரமா முட்டைக்கோஸை மலை மாதிரி குவிச்சு வெச்சு விப்பாங்க. அந்த வரிசையில நின்னுக்கிட்டிருந்தா. பருத்தி அடைச்ச நீலக் கோட்டு, கையெல்லாம் வெடிச்சுப் போய், நாலு முட்டைக்கோஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. ஏதோ கிடங்குல மூட்டை அடுக்கற வேலைன்னு பின்னால கேள்விப்பட்டேன். முதல்ல எனக்கு அடையாளமே தெரியல. அவ்வளவு கெட்டிக்காரி, அவளைப் போய் அந்த வேலையில போட்டிருக்காங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அல்லி"ன்னு கூப்பிட்டேன். திரும்பினா. எவ்வளவு நாளாச்சோ அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு.

"வணக்கம் ஐயா"ன்னா. நல்லா இருக்கியாம்மான்னேன். தலையாட்டினா. எனக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு. சரி, நல்லதா எதையாவது கேட்போம்னு, "உன் தம்பி எப்படிம்மா? படிப்பை முடிச்சுட்டானா? உன்கூடத்தானே இருக்கான்?"னு கேட்டேன்.

அவ முட்டைக்கோஸைக் கீழ வெச்சா. "தம்பி என்னுடன் இருந்தான் ஐயா"ன்னா.

பாருங்க, அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் அதே பிழை. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு சார். "இருக்கிறான்னு சொல்லணும் அம்மா. மறந்துட்டியா? அன்னைக்குச் சதுக்கத்துலயே சொல்லிக் கொடுத்தேனே. இருந்தான்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்"னேன்.

அவ என் முகத்தையே பார்த்தா. கோபமா எல்லாம் பார்க்கல. நாங்க வரிசையை மறிச்சுக்கிட்டு நின்னதால பின்னால ஒரு கிழவன் கத்தறான். அவ நகரல. நிதானமா, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னா, "இல்லை ஐயா. இருந்தான். இந்த முறை நான் சரியாகச் சொன்னேன்." சொல்லிட்டு முட்டைக்கோஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அவ்வளவுதான். பசங்களை வேன்ல ஏத்தறாங்க. அந்த ஒல்லிப் பய பேனரை விட மாட்டேங்கிறான் பாருங்க, கிழிஞ்சே போச்சு. டிரைவர் வந்துட்டாரு. இனிமே நாப்பது நிமிஷத்துல போயிடலாம்.

ஏன் இதை உங்ககிட்ட சொன்னேன்னு தெரியல. ராத்திரியில தூக்கம் சரியா வர்றதில்ல, வீட்டுல இதை எடுத்தாலே எழுந்து போயிடறாங்க. நீங்க படிச்சவர், தமிழும் நல்லாத் தெரியும்னு பேச்சுல தெரியுது. நீங்களே சொல்லுங்க. மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தும் ஒருநாள்கூடச் சரியாச் சொன்னதில்ல அவ. நேத்தைக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணு. குளிர்ல, அவசரத்துல, பழக்கம் விட்டுப்போய், வாய் தவறித்தானே வந்திருக்கும்? அவளுக்குக் காலம் வராது சார். அது பிழைதான்.

பிழைதானே சார்?